இந்தியப் பொருளாதாரப் பணி (ஐ.இ.எஸ்.) என்றால் என்ன?

மத்திய அமைச்சகங்களுக்குப் பொருளாதார ஆலோசனை சொல்லவென்றே 1961-ல் உருவான பணி. தனிப் பணி எதற்கு? சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் குறைத்தால் கடையில் விலை எவ்வளவு இறங்கும், கடலை போட்ட விவசாயி எவ்வளவு இழப்பார் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் வேண்டுமே! வீடு கட்டுமுன் மண்ணைச் சோதித்து அஸ்திவார ஆழம் சொல்பவரைப் போல. கட்டுவதா வேண்டாமா என்பது வீட்டுக்காரர் பாடு.

யூ.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வில் எழுத்துக்கு 1000 மதிப்பெண், நேர்காணலுக்கு 200. அந்த 1000-ல் 800 பொருளாதாரத் தாள்களுக்கே. கோட்பாடு மட்டும் படித்துப்போனால் முதல் தாளின் கணிதமும் புள்ளியியலும் காலை வாரிவிடும். விடைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

எம்.காம். போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, பொருளாதாரம் அல்லது பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், பொருளாதார அளவையியல் இவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும்.