சாம்பார் கறை சோப்பு பட்டதும் சிவந்தது ஏன்?

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திய மஞ்சள் கறை, சோப்பு போட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது என்று பதறியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், துணி கெடவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, காரத்தன்மை பட்டால் சிவக்கும். துணி சோப்பின் பி.எச். (காரமா அமிலமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 9, 10 வரை போகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதேதான் இது.

கறையின் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். அதன் பி.எச். 2 முதல் 3 வரைதான். கண்ணெதிரே சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். அப்புறம் நன்றாக அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்துப் போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். எனக்கு இரண்டு நாள் வெயிலிலேயே கறை போயிருக்கிறது.

எலுமிச்சையோ வினிகரோ பட்ட துணியில் பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.