ரைஸ் குக்கர் போட்டதும் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறதா?
அண்ணா, பினாங்கு பத்து பெரிங்கியில் வேனை நிறுத்தி 700 வாட் ரைஸ் குக்கரைப் போட்டதும் 1000 வாட் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நிற்கிறது, 2000 வாட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், காசு வீண். 12 வோல்ட்டில் அந்தக் குக்கர் சுமார் 65 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் உங்கள் 6 சதுர மில்லிமீட்டர் வயர் அதற்குப் பற்றாது, வோல்ட் இறங்கி இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

குக்கர் ஓடும்போதே மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வைத்துப் பாருங்கள், அப்புறம் இன்வெர்ட்டர் முனையில். பேட்டரியில் 12.2 வோல்ட், இன்வெர்ட்டரில் 10.5 என்றால் வயர்தான் குற்றவாளி. இரண்டு இடத்திலும் வோல்ட் இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது.

35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள், முடிந்தவரை குட்டையாக. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 125 ஆம்பியர் பியூஸ். அது இல்லாமல் சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள். ஈய அமிலப் பேட்டரி என்றால் அதையும் இன்வெர்ட்டரையும் ஒரே மூடிய பெட்டியில் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வரும். சோற்றுக்கு கேஸ் அடுப்பே மேல் என்பேன்.