சுட்டி முதல் சர்வர் வரை: கேள்வி பதில்

கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் சிறு கருவிகள் பற்றியும், சொந்தமாக இணையதளம் நடத்துவோர் எதிர்கொள்ளும் மென்பொருள் சிக்கல்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். பலர் தங்கள் கேள்வியின் முடிவில் "புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?" என்றோ, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவலாமா?" என்றோ கேட்டிருந்தீர்கள். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் வரை இரண்டையும் செய்யாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: ஐயா, கம்பியில்லாச் சுட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். சில நாள்களில் நன்றாக இயங்குகிறது. சில நாள்களில் திரையில் அம்புக்குறி விட்டு விட்டு நகர்கிறது. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. சுட்டியை மாற்ற வேண்டியதுதானா?

பதில்: "சில நாள்களில்" என்று நீங்கள் எழுதியிருப்பதே நல்ல தடயம். தேய்ந்துபோன சுட்டி எல்லா நாள்களிலும் தொல்லை தரும். நாள் பார்த்துத் தொல்லை தருவது பெரும்பாலும் சூழலின் குறைபாடு. அந்த நாள்களில் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கையோ வேகமான பென் டிரைவையோ சுட்டியின் சிற்றேற்பிக்கு (சுட்டியின் அலையைப் பெறக் கணினியில் செருகும் சிறு துண்டு) பக்கத்துப் போர்ட்டில் செருகியிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கம்பியில்லாச் சுட்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தங்கள் சிற்றேற்பியோடு தொடர்பு கொள்கின்றன. 2008இல் அறிமுகமான யூ.எஸ்.பி. 3.0 தரத்தில், நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் அதே அலைவரிசைப் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் இதை விரிவாகவே விளக்கியிருக்கிறது. சோதனை எளிது: டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றிவிட்டுச் சுட்டியை நகர்த்திப் பாருங்கள். அம்புக்குறி சீராக ஓடினால் சுட்டியில் குற்றமில்லை. சிற்றேற்பியைக் கணினியின் மறுபக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால் ஒரு சாதாரண யூ.எஸ்.பி. 2.0 நீட்டிப்புக் கேபிளில் செருகிச் சுட்டிக்கு அருகே கொண்டுவந்து வையுங்கள். இந்தக் காரணம் தெரியாமலேயே நல்ல சுட்டிகளைத் தூக்கி எறிந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கேள்வி: என் சுட்டியில் ஒரு முறை சொடுக்கினால் இரண்டு முறை சொடுக்கியது போலக் கோப்பு திறந்துகொள்கிறது. இதுவும் இரைச்சல்தானா?

பதில்: இல்லை, இது தேய்மானம். பொத்தானுக்கு அடியில் உள்ள நுண்சுவிட்சில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அது தளர்ந்தாலோ அதன் தொடுமுனை கறுத்தாலோ, ஒரே அழுத்தத்துக்குள் மின்தொடர்பு விட்டுவிட்டு ஏற்படுகிறது. கணினி அதை இரண்டு சொடுக்குகளாக எண்ணிவிடுகிறது. சுட்டியை வேறொரு கணினியில் இணைத்தும் அதே நிலை என்றால் ஐயமில்லை. பற்றவைக்கத் தெரிந்தவர் சுவிட்சை மட்டும் மாற்றித் தர முடியும்.

கேள்வி: 64 ஜிபி பென் டிரைவில் 50 ஜிபிக்கு மேல் இடம் இருக்கிறது. ஆனால் 5 ஜிபி அளவுள்ள ஒரு காணொளியை நகலெடுக்க முயன்றால், கோப்பு மிகப் பெரியது என்று மறுக்கிறது.

பதில்: உங்கள் பென் டிரைவ் ஃபேட் 32 என்ற கோப்பு முறையில் அமைந்திருக்கும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் இதே தடைதான். உள்ளே இருப்பவற்றை முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி வடிவமைத்துக்கொள்ளுங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் கார் ஒலிக்கருவிகளும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: செல்பேசியோடு வந்த டைப்-சி கேபிளால் புதிய எஸ்.எஸ்.டி.யைக் கணினியில் இணைத்தேன். நகலெடுக்கும் வேகம் மிகக் குறைவாக இருக்கிறது. எஸ்.எஸ்.டி. போலியாக இருக்குமோ?

பதில்: எஸ்.எஸ்.டி.யைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகியுங்கள். டைப்-சி என்பது முனையின் வடிவத்தைக் குறிக்கும் பெயர். அது வேகத்தைக் குறிப்பதன்று. அந்த முனையில் 24 தொடுமுனைகளுக்கு இடம் இருந்தாலும், மின்னேற்றத்துக்காகத் தரப்படும் கேபிள்கள் பலவற்றில் யூ.எஸ்.பி. 2.0 தரத்துக்கு வேண்டிய கம்பிகள் மட்டுமே உள்ளே ஓடுகின்றன. அப்போது வேகத்தின் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் அளவில் நின்றுவிடும். உங்கள் எண் இதற்குள் இருந்தால் குற்றவாளி கேபிளே. எஸ்.எஸ்.டி.யோடு பெட்டியில் வந்த கேபிளைக் கொண்டு சோதியுங்கள்.

மின்சாரத்துக்கும் இதே கதைதான். தன் திறனைக் கருவிகளுக்குத் தெரிவிக்கும் அடையாளச் சில்லு உள்ளே இல்லாத டைப்-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் கடத்த அனுமதிக்கப்படாது. 20 வோல்ட்டில் அது 60 வாட். மடிக்கணினியின் மின்னேற்றி 100 வாட் தரவல்லதாக இருந்தாலும், கேபிள் தகுதியற்றது என்றால் குறைந்த அளவே கிடைக்கும். ஆகவே கேபிள் வாங்கும்போது எத்தனை வாட், எத்தனை கிகாபிட் என்ற இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். வாங்கியதும் அதில் ஒரு சிறு சீட்டு ஒட்டி எழுதிவைப்பது என் வழக்கம். பார்ப்பதற்கு எல்லாக் கேபிள்களும் ஒன்றுபோலவே இருப்பதால் வேறு வழி இல்லை.

கேள்வி: பழைய மேசைக் கணினியை மின் இணைப்பிலிருந்து எடுத்து ஒரு மாதம் வைத்திருந்தேன். இப்போது எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று உலாவி எச்சரிக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டதா?

பதில்: திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினியின் கணக்கில் இன்றைய தேதி அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால், எல்லாத் தளங்களின் சான்றிதழ்களையும் உலாவி நிராகரிக்கிறது. தேதியைத் திருத்தினால் உடனே சரியாகும். மின் இணைப்பை எடுக்கும்போதெல்லாம் இது திரும்ப வந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சி.ஆர். 2032 வகை, 3 வோல்ட், விட்டம் 20 மில்லிமீட்டர். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மேல்பக்கம் எது என்று பார்த்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி: இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் கொண்டு ஒரு சிறு தளம் நடத்துகிறேன். நேற்று ஒரு செருகுநிரலை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்) புதுப்பித்ததும் தளம் முழுவதும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. நிர்வாகப் பகுதிக்குள்ளும் நுழைய முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். உங்கள் கட்டுரைகள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நிரலின் ஓர் இடத்தில் ஏற்பட்ட முறிவு அவற்றைத் தொடவில்லை. முதலில் உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள். 2019இல் வெளியான 5.2ஆம் பதிப்பு முதல், இத்தகைய கடும் பிழை நேரும்போது வேர்ட்பிரஸ் நிர்வாகியின் முகவரிக்கு ஒரு மீட்பு இணைப்பை அனுப்புகிறது. அதன் வழியாக நுழைந்தால், பழுதான செருகுநிரல் உங்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் நிர்வாகப் பகுதி திறக்கும்.

அந்த மடல் வரவில்லை என்றால், தளத்தை வைத்திருக்கும் நிறுவனம் தந்த கோப்பு மேலாண்மைப் பக்கத்துக்குச் சென்று, செருகுநிரல்களுக்கான கோப்புறைக்குள் நேற்றுப் புதுப்பித்த செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றிவிடுங்கள். பெயரின் இறுதியில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலே போதும். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல், அதை ஏற்றாமலேயே தளத்தைத் திறக்கும். அந்தச் செருகுநிரலின் அமைப்புகள் தரவுத்தளத்தில் இருப்பதால் அவை அழியமாட்டா.

பக்கம் அப்போதும் வெள்ளையாகவே இருந்தால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு, தளம் இயங்கும் கணினியான சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பிழைப் பதிவேட்டைப் படியுங்கள். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் முறிவு நேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கும். கோப்பின் பாதையிலேயே செருகுநிரலின் பெயரோ தோற்ற வார்ப்புருவின் பெயரோ தெரிந்துவிடும். பலர் பத்துச் செருகுநிரல்களை மாற்றி மாற்றிச் சோதித்து ஒரு பகலைக் கழிக்கிறார்கள். பதிவேட்டின் கடைசி நான்கு வரிகளைப் படிக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. இன்னொன்றையும் விசாரியுங்கள்: வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பி.எச்.பி.யின் பதிப்பு சர்வரில் அண்மையில் உயர்த்தப்பட்டதா? 2020இல் வெளியான பி.எச்.பி. 8.0 பழைய செயல்கூறுகள் சிலவற்றை அடியோடு நீக்கிவிட்டது. அவற்றை நம்பியிருந்த பழைய நிரல்கள், நாம் எதையும் தொடாமலேயே ஒரு நாள் நின்றுபோகும்.

கேள்வி: தளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றினேன். தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் விநோதமான குறிகளாகத் தெரிகின்றன. இருபது ஆண்டு எழுத்து போய்விட்டதோ என்று கலங்கிப்போயிருக்கிறேன்.

பதில்: கலங்காதீர்கள், முதலில் அந்தக் குறிகள் எப்படி இருக்கின்றன என்று உற்றுப் பாருங்கள். ஒருங்குறியின் (யூனிகோடு) யூ.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள் இருப்பதால் அது பதினைந்து பைட்டுகள். இந்தப் பைட்டுகளை மேலை ஐரோப்பிய எழுத்து முறை என்று தவறாக எண்ணிக் கணினி ஒவ்வொன்றாகப் படித்தால், தலையில் சாய்கோடு இட்ட ரோமன் எழுத்து ஒன்றும் வட்டத்துக்குள் ஆர் என்ற குறியும் திரும்பத் திரும்ப வரும். அப்படித் தெரிந்தால் உங்கள் எழுத்து பெரும்பாலும் முழுமையாகவே இருக்கிறது; படிக்கும் முறைதான் தவறு. மாறாக, வெறும் கேள்விக்குறிகள் மட்டுமே வரிசையாகத் தெரிந்தால், மாற்றும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. அந்நிலையில் பழைய சர்வரிலிருந்தோ காப்பு நகலிலிருந்தோ மறுபடி எடுப்பதே வழி. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

முதல் நிலையாக இருந்தால், தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு எந்த எழுத்து முறையைக் கேட்கிறது என்று பாருங்கள். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் "யூ.டி.எஃப். 8 எம்.பி. 4" என்ற பெயருடைய முறையையே எல்லா இடத்திலும் வையுங்கள். வெறும் "யூ.டி.எஃப். 8" என்று அங்கே அழைக்கப்பட்டது மூன்று பைட்டுகள் வரை மட்டுமே தாங்கும், தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் நான்கு பைட்டுகள் பிடிக்கும் எமோஜி ஒன்று வந்தால் சேமிப்பு தடைபடலாம், அல்லது கட்டுரை அந்த இடத்தோடு வெட்டுப்படலாம். அட்டவணையே தவறான முறையில் குறிக்கப்பட்டிருந்தால், அட்டவணையின் அந்த நெடுவரிசையை முதலில் எழுத்து முறை சாராத பைனரி வகைக்கும், பிறகு சரியான முறைக்கும் மாற்ற வேண்டும். நேரே மாற்றினால் பிழை நிலைத்துவிடும். இதை மூலத் தரவில் செய்யாதீர்கள். நகல் ஒன்றில் செய்து, பத்துக் கட்டுரைகளையாவது கண்ணால் படித்துச் சரிபார்த்த பிறகே மூலத்தைத் தொடுங்கள்.

இருபது ஆண்டு எழுத்து என்று சொல்வதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மிகப் பழைய கட்டுரைகள் மட்டும் ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அவை பாமினி போன்ற அக்கால எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். அவற்றுக்கு எழுத்துரு மாற்றிதான் வேண்டும். தரவுத்தள அமைப்பை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: என் தளத்தில் "கொடி" என்று தேடினால் சில கட்டுரைகள் மட்டுமே வருகின்றன. அந்தச் சொல் உள்ள மற்றவை வருவதில்லை. ஏன்?

பதில்: ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடுபொறிக்கோ அவை இரு வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை என்.எஃப்.சி. என்ற சீர்மை வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருந்தால் மட்டும் எந்தச் சீர்மையும் உதவாது. கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: பக்கத்தின் நிறத்தை மாற்றினேன். எனக்குப் புதிய நிறம் தெரிகிறது; வாசகர்களுக்குப் பழையதே தெரிகிறதாம்.

பதில்: அவர்களுடைய உலாவிகள் பழைய நடைதாளை (பக்கத்தின் நிறம், தோற்றம் ஆகியவற்றைச் சொல்லும் கோப்பு) சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொருவரையும் அழிக்கச் சொல்ல வேண்டாம். நடைதாளின் முகவரிக்குப் பின்னால் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து, மாற்றும்போதெல்லாம் அந்த எண்ணை உயர்த்துங்கள். உலாவி அதைப் புதிய கோப்பாகக் கருதி மறுபடி இறக்கிக்கொள்ளும்.

கேள்வி: தளத்தின் தொடர்புப் படிவத்தில் வாசகர்கள் எழுதும் மடல்கள் எனக்கு வந்து சேர்வதில்லை.

பதில்: பல படிவங்கள் அனுப்புநர் இடத்தில் வாசகரின் மின்னஞ்சல் முகவரியையே இட்டு அனுப்புகின்றன. அந்த முகவரியின் பெயரில் மடல் அனுப்ப உங்கள் சர்வருக்கு அனுமதி இல்லாததால், பெறும் நிறுவனம் அதைப் போலி மடல் என்று தள்ளிவிடுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இந்தச் சோதனையை மேலும் கடுமையாக்கியுள்ளன. அனுப்புநர் இடத்தில் உங்கள் தளத்தின் பெயரிலுள்ள முகவரியை வையுங்கள். வாசகரின் முகவரியைப் பதில் அனுப்பும் முகவரியாக மட்டும் குறிப்பிடுங்கள். பிறகு, உங்கள் தளப் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்பது போன்ற விவரங்களைக் கொண்ட டி.என்.எஸ். பதிவுகளில், உங்கள் பெயரில் மடல் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களைப் பட்டியலிடும் எஸ்.பி.எஃப். பதிவு இருக்கிறதா, அதில் உங்கள் சர்வர் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். திருத்தியதும் ஒரு சோதனை மடல் அனுப்பி, ஜிமெயிலில் அந்த மடலின் மூல வடிவத்தைத் திறந்தால், எஸ்.பி.எஃப். என்பதற்கு நேரே தேர்ச்சியா தோல்வியா என்று எழுதியிருக்கும். தேர்ச்சி என்று வந்தும் மடல் ஸ்பேம் பகுதிக்கே போகிறதென்றால், மடல் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று உறுதிசெய்யும் டி.கே.ஐ.எம். மின் கையொப்பத்தையும் அமைத்துத் தரும்படி உங்கள் சர்வர் நிறுவனத்திடம் கேளுங்கள்.