பத்தொன்பது வயது அப்பாவின் கையில் பிள்ளையைக் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. மருமகளுக்கு அடுத்த மாதம் 19 நிறைகிறது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண் வீட்டாருடன் பேச்சுவார்த்தை இல்லை என்பதால் பிரசவம் பார்த்ததும் நாங்கள்தான். பிள்ளை பிறந்து 24 நாள். குளிப்பாட்டுவது முதல் தொட்டில் ஆட்டுவது வரை எல்லாம் நான்தான். மகன் பிள்ளையைத் தொடுவதே இல்லை. சாயங்காலமானால் வெளியே போய்விடுகிறான். கண்டித்தால், "படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போறேன்" என்கிறான். மருமகள் அடிக்கடி அழுகிறாள். என்ன செய்வது?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, "எல்லாம் நான்தான்" என்பதில்தான் பாதிச் சிக்கல். கைதேர்ந்த பாட்டி இருக்கும் வீட்டில் இந்த வயதுப் பையன் தொட்டில் பக்கம் வரமாட்டான். கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்கத் தெரியாது; தப்பாகத் தூக்கினால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். தெருமுனையே தேவலை என்று போய்விடுகிறான். பொறுப்பு வந்த பிறகு தூக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்; தூக்கப் பழகினால்தான் அது வரும்.

நாளைக்கே தொடங்குங்கள். பிள்ளை பால் குடித்து முடித்ததும் மகனைச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இடுப்புத்துணி மட்டும் போதும். நெஞ்சோடு நிமிர்த்திப் படுக்க வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு நசுங்காமல் பார்த்து, முதுகில் ஒரு துணி போர்த்துங்கள். முக்கால் மணி நேரம் இருக்கட்டும். அவன் மட்டும் தூங்கிவிடக் கூடாது. நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். இதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலை.

அடுத்தது விடியற்காலை. 5 மணிப் பால் கொடுத்ததும் பிள்ளை அவன் பொறுப்பு: ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது. 7 மணி வரை மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். ஒரு நாளில் 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா என்ற கணக்கையும் அவனிடமே விடுங்கள். குறைந்தால் பால் போதவில்லை என்று பொருள்.

இப்போதே அவனிடம் சொல்லி வைக்க வேண்டிய ஒன்று: பிள்ளையின் அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். பசியாற்றி, துணி மாற்றிய பிறகும் அழும். அந்த நேரத்தில் எரிச்சல் தலைக்கேறினால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நிற்கலாம். அதுவரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் பிள்ளையைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். அனுபவமில்லாத கைகளில்தான் இது நடக்கும் என்றில்லை, எவர் கையிலும் நடக்கும்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, உரைமருந்து புகட்டுவது உண்டென்றால் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

மருமகளின் அழுகையை உடம்பு அசதி என்று தள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரம் கண்ணீர் சகஜம். இப்போது மூன்று வாரம் தாண்டிவிட்டது. பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமை, பிள்ளையைப் பார்க்கப் பிடிக்காமை இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். 'செத்துப்போகலாம்' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மகனும் பேசலாம், இளம் அப்பாக்களின் மனச்சோர்வு பெரும்பாலும் சிடுசிடுப்பாகவே வெளியே தெரியும். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் தினம் ஒன்று, 180 நாள். டீ, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்துப் போடக் கூடாது, சத்து உடம்பில் சேராது. பத்தியம் என்று காயையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள்.

பணம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குத் தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் அது கிடைத்திருக்காது. அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்குரிய சத்துமாவு ஆறு மாதம் வரை உண்டு, கேட்டு வாங்குங்கள். மகன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அது படிக்கும்வரைதான். டிப்ளமோ முடிய சில மாதங்களே இருக்கும்போது நிறுத்துவது பெரிய நஷ்டம். வேலைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் வார இறுதியில் போகட்டும். உங்கள் கண்டிப்பை இந்த ஒரு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணுக்கு 21 நிறையும் முன் நடந்த திருமணம் சட்டப்படி குழந்தைத் திருமணம். ஆனாலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப் பிறக்கும் பிள்ளையின் வாரிசு உரிமையைக் காக்கும் வழியை வைத்திருக்கிறது; விவரத்தை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். மருத்துவமனையில் பிறந்திருந்தால் பிறப்பைப் பதிவு செய்வது அவர்கள் வேலை. பதிவாகிவிட்டதா, தாய் தகப்பன் பெயரில் எழுத்துப்பிழை இல்லையா என்று மகன் போய்ப் பார்க்கட்டும். பிள்ளையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரம், அதாவது இன்னும் 18 நாளில். மூன்று பேருமாகப் போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். பால் கொடுக்கும்போது கரு நிற்காது என்ற நம்பிக்கையில் இருந்துவிடாமல், காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஆணுறை இவற்றில் எது தங்களுக்குச் சரிவரும் என்று செவிலியரிடம் அன்றைக்கே இருவரும் சேர்ந்து கேட்டு வரட்டும்.