அராபிகா காபிச் செடி வாடுகிறது, தண்டில் வரி வரியாகப் புடைப்பு: நிழலை வெட்டலாமா?

தாண்டிக்குடிப் பக்கம் ஏழு வயது அராபிகா காபிச் செடிகள் மஞ்சளித்து வாடுகின்றன, இயற்கை வேளாண் சான்றுக்கு விண்ணப்பித்திருப்பதால் மருந்து அடிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டில் வளையம் போன்ற புடைப்பு இருப்பதால் இது வெள்ளைத் தண்டுத் துளைப்பான்தான்; இந்த வண்டின் புழு தண்டைக் குடையும். நிழல் மரங்களை வெட்டவே வேண்டாம். வெயில் விழும் தண்டின் பட்டை இடுக்கில்தான் அது முட்டையிடும்; நிழல் மரமாகச் சில்வர் ஓக் மட்டும் இருந்தால் நிழல் போதாது. இடைவெளிகளில் கல்யாண முருங்கைப் போத்து (கிளைத் துண்டு) நடுங்கள்.

வண்டு பறப்பது ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர். எனவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரிசை வரிசையாகப் பார்த்து, புடைப்புள்ள செடியை வேரோடு பிடுங்கி உடனே எரித்துவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: விறகாகட்டும் என்று அடுக்கி வைப்பார்கள், உள்ளேயிருக்கும் புழு வண்டாகித் தோட்டத்துக்கே திரும்பும்.

நல்ல செடிகளில் தண்டையும் தடித்த கிளைகளின் அடியையும் தேங்காய் நாரால் தேய்த்து, உதிரும் பட்டையை எடுங்கள். கத்தி கூடாது, பச்சைப் பட்டை காயப்படும். பிறகு 200 லிட்டர் நீரில் 20 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து, வடிகட்டி, தண்டு நனைய அடியுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். ஒட்டுவதற்குப் பசை சேர்ப்பதானால் முதலில் சான்று ஆய்வாளரிடம் கேளுங்கள்.