எந்த மாடி என்று கேளுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இஸ்ரேலின் ஹைஃபாவில் முதியவரைப் பராமரிக்கும் வேலை அமைந்திருக்கிறதாம். கையில் எவ்வளவு மிஞ்சும், புழுங்கலரிசி கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி: "அயர்ன் டோம் இருக்கிறது, ஏவுகணையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். உண்மைதானே அக்கா?"

அரிசி கிடைக்கும். சம்பளம் ஒப்பந்தத்தில் இருக்கும். அயர்ன் டோம் என்பது வரும் ராக்கெட்டை வானிலேயே சுட்டு உடைக்கும் அமைப்பு. அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

இதே வேலைக்காக நான் இங்கே வந்தது 2006 ஜூனில். ஹைஃபா அமைதியான ஊர், யூதரும் அரபியரும் ஒன்றாக வாழும் ஊர் என்று சொல்லித்தான் எங்கள் ஏஜென்டும் அனுப்பினார். அவருக்குக் கொடுக்க அப்பா விற்ற நிலத்தில் இன்று வேறொருவரின் ரப்பர் நிற்கிறது. அடுத்த மாதமே லெபனான் போர் வெடித்தது. ஜூலை 16 அன்று ரயில் பணிமனையில் ராக்கெட் விழுந்து 8 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ராக்கெட்டுகளின் தலைக்குள் சின்னச் சின்ன எஃகு உருண்டைகளை அடைத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல நின்றதைப் பார்த்தேன். எனக்கு எபிரேயம் ஒரு சொல்கூடத் தெரியாது. அபாயச் சங்கு ஊதினால் ஓட வேண்டும் என்பதே பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் பெண் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் தெரிந்தது. அன்று அயர்ன் டோம் கிடையாது. அந்தப் போரில் பட்ட அடிக்குப் பிறகுதான் அதைச் செய்ய முடிவெடுத்தார்கள். 2011-இல் களத்துக்கு வந்தது.

அது நல்ல கருவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ராக்கெட் கிளம்பியதும் ரேடார் பிடித்து, எங்கே விழும் என்று கணக்குப் போடுகிறது. வெட்டவெளியில் விழும் என்றால் விட்டுவிடுகிறது. ஊருக்குள் என்றால் மட்டும் சுடுகிறது. ஆனால் அது 70 கிலோமீட்டருக்குள்ளிருந்து வரும் ராக்கெட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. சுமார் 1,500 கிலோமீட்டர் தாண்டி ஈரானிலிருந்து வரும் பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுப்பது ஏரோ எனும் வேறு அமைப்பு. அதில் ஏரோ 3 காற்று மண்டலத்துக்கு வெளியிலேயே மோதி உடைக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தொலைவுக்கு டேவிட்ஸ் ஸ்லிங் எனும் அமைப்பு. 2024 அக்டோபரில் அமெரிக்கா தாட் எனும் தன் ஏவுகணைத் தடுப்பு அமைப்பையும் கொண்டுவந்து நிறுத்தியது. இத்தனை இருந்தும் 2025 மே 4 அன்று ஏமனிலிருந்து வந்த ஏவுகணை ஒன்று பென் குரியன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்தை அபுதாபிக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்கடுத்த மாதம் ஈரானின் ஏவுகணை ஹைஃபாவின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலேயே விழுந்து 3 பேர் இறந்தார்கள்.

ட்ரோன் இன்னும் தொல்லை. தாழ்வாக, மெதுவாக, மலை இடுக்கில் வளைந்து வரும். 2024 அக்டோபரில் பின்யாமினா அருகே ராணுவ முகாமின் உணவுக்கூடத்தில் ஒன்று விழுந்து 4 சிப்பாய்கள் இறந்தபோது சங்குகூட ஊதவில்லை.

ட்ரோனைத் திசை தவறவைக்க ராணுவம் ஜி.பி.எஸ்.ஸையே குழப்புகிறது. செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சமிக்ஞை தரைக்கு வரும்போது நூலாக இளைத்துவிடும். அதைவிட பலமான பொய்ச் சமிக்ஞையைத் தரையிலிருந்து அனுப்பினால் கருவி அதைத்தான் நம்பும். 2024-இல் மாதக்கணக்கில் என் கைப்பேசி நான் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்சி வராது, மருந்துக்கடைக்கு வழி காட்டாது. வேடிக்கையாக இருக்கும், ஆனால் எச்சரிக்கைச் செயலி இருப்பிடத்தை வைத்துத்தான் ஒலிக்கும். அதனால் வந்து இறங்கிய அன்றே செயலியில் ஹைஃபா என்று உங்கள் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். "தானாகக் கண்டறி" என்பதை நம்பி இருக்காதீர்கள். பாலிஸ்டிக் ஏவுகணைகளை இந்தக் குழப்பம் பெரிதாகப் பாதிப்பதில்லை. அவை பெரும்பாலும் தன் வேகத்தையும் திருப்பத்தையும் தானே அளந்துகொண்டு வருபவை.

இனி முக்கியமான விஷயம். ஈரானிலிருந்து என்றால் சங்குக்குச் சில நிமிடம் முன்பே கைப்பேசியில் எச்சரிக்கை வரும். லெபனானிலிருந்து என்றால் ஹைஃபாவுக்கு ஒரு நிமிடம்தான். நீங்கள் இளைஞர், ஓடிவிடுவீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஓடுவாரா? 1991-இல் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த பிறகு கட்டிய வீடுகளில்தான் மமாத் எனும் கான்கிரீட் பதுங்கறை உண்டு. நான் பார்த்துக்கொள்ளும் அம்மச்சியின் வீடு ஹைஃபாவின் ஹதார் பகுதியில், பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. மிக்லாத் எனும் பொதுப் பதுங்குமிடம் நிலவறையில். சங்கு ஊதியதும் அவர் முதலில் கேட்பது பல்செட்டை, அடுத்தது கைப்பை. சக்கர நாற்காலியைப் படியில் இறக்க முடியாது. அதனால் ஜன்னல் இல்லாத படிக்கட்டுத் திருப்பத்தில் நிரந்தரமாக ஒரு மடக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். அவரை அங்கே உட்காரவைத்து, நான் கீழ்ப்படியில் அமர்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்வேன். மமாத்தும் நேரடி அடிக்குத் தாங்காது. 2025-இல் பெத்தா திக்வா நகரில் அதற்குள் இருந்தவர்களே இறந்தார்கள். சிதறலிலிருந்தும் அதிர்விலிருந்தும் காக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிது.

நம் ஆட்கள் சிலரைப் பார்த்தால்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு. சங்கு ஊதியதும் மொட்டை மாடிக்கு ஏறி, வானத்தில் நடக்கும் வெடியை ஊருக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். மேலே உடைந்தது அத்தனையும் கீழேதான் விழும். போதாததற்கு ஈரான், பல சிறு குண்டுகளாகச் சிதறும் கொத்துக்குண்டுத் தலையுடைய ஏவுகணையையும் 2025-இல் அனுப்பியிருக்கிறது. வெடிக்காத குண்டு தெருவில் கிடக்கும். நினைவுப்பொருள் என்று எதையும் பொறுக்காதீர்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் இதில் ஒழுங்கு. பேசாமல் இறங்கிப் போய் ஜபமாலையை எடுத்துவிடுவார்கள்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஏஜென்டிடம் கேளுங்கள்: வீடு எந்த மாடி, மமாத் உண்டா, நோயாளி நடப்பவரா. தெரியாது என்றால், இப்போது அந்த வீட்டில் இருப்பவரின் எண்ணை வாங்கித் தரச் சொல்லுங்கள். அதையும் தர மாட்டேன் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

கையில் மிஞ்சும் கணக்கை மலையாளிகளிடம் கேளுங்கள் தம்பி. ஒரு ஷேக்கல் பிசகாமல் சொல்வார்கள்.