மண்ணுக்குக் கீழே என்ன போடுவது?

கேள்வி: சமையலறையை நீட்டிக் கட்டியபோது மேலே தட்டையாகக் காங்கிரீட் போட்டோம். ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். மதியத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாத சூடு. அதன் மேல் புல்லும் பூச்செடியும் வளர்க்க ஆசை. கெட்டியான பிளாஸ்டிக் விரித்து அரை அடிக்குச் செம்மண் கொட்டினால் போதும் என்கிறார் கணவர். காணொளிகளில் ஏழெட்டு அடுக்கு காட்டுகிறார்கள். அத்தனையும் தேவையா?
– வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: சகோதரி, முதலில் செம்மண் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். 15 சதுர மீட்டரில் அரை அடி என்றால் இரண்டே கால் கன மீட்டர் மண். மழையில் ஊறிய தோட்டமண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,800 கிலோ வரும். மொத்தம் 4 டன். நான்கு மைவி கார்களைச் சமையலறை மேல் நிறுத்திவைப்பதும் இதுவும் ஒன்றுதான். உங்கள் தளம் அதைத் தாங்குமா என்று கீழே நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நீட்டிக் கட்ட மாநகர் மன்றத்தில் ஒப்புதல் வாங்கிய வரைபடம் இருக்குமல்லவா, அதை எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கூடுதலாக ஏற்றலாம் என்று எழுதி வாங்குங்கள். தோட்டத்துக்கு மட்டும் 150 கிலோ கிடைத்தால் நான் சொல்லப்போவது நடக்கும். கிடைக்காவிட்டால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். உள்ளே உங்கள் பிள்ளைகள் சாப்பிட உட்காரும் இடம் அது.

சரி, தளம் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எடுத்தவையாக இருக்கும். மழைநீரை எப்படித் தேக்கிவைப்பது என்பதே அங்கே பேச்சு. நம் ஊரில் ஒரே மாலையில் 50 மில்லிமீட்டர் கொட்டிவிடும். உங்கள் தளத்தில் அது 750 லிட்டர். அது தாமதமில்லாமல் வெளியேற வேண்டும். பொருள் வாங்கும்போதெல்லாம் இதை மனத்தில் வையுங்கள்.

அதனால் தளத்தில் சாய்வு இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது மழைநீர் இறங்கும் குழாய் வாயை நோக்கி இறங்க வேண்டும். சாய்வுக்காகப் புதிதாகச் சிமெண்டு பூசினால் அந்த எடையையும் பொறியாளரிடம் சொல்லுங்கள். 5 சென்டிமீட்டர் பூச்சே சதுர மீட்டருக்கு 100 கிலோ வந்துவிடும்.

அதன் மேல் நீர்க்காப்பு. பணத்தை இங்கேதான் கொட்ட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பு இந்த வேலைக்கு ஆகாது. ஒட்டு இடத்தில் ஈரம் இறங்கும், வேர் அதே வழியைப் பிடிக்கும். தீயால் சூடாக்கி ஒட்டும், தார்போன்ற 4 மில்லிமீட்டர் பிட்டுமென் விரிப்பு நல்லது. சுவரோரத்தில் அதை மண்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அளவுக்கு ஏற்றி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டி முடித்ததும் குழாய் வாயை அடைத்து, 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விடுங்கள். கீழே கூரையில் ஈரப்பொட்டு தெரியாவிட்டால்தான் மேற்கொண்டு வேலை. அவசரப்படும் குத்தகையாளருக்கு இது பிடிக்காது. மண்ணைக் கொட்டிய பிறகு ஒழுகினால் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முழுத் தோட்டத்தையும் அள்ள வேண்டியிருக்கும். அதனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிட்டுமென் தண்ணீரைத் தடுக்கும், வேரைத் தடுக்காது. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் சுவரில் ஆலும் அரசும் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவை எச்சத்தில் வந்த விதைகள் அவை. உங்கள் கூரைக்கும் வரும். ஆகவே வேர்த்தடுப்பாக ஒரு தடித்த பாலிஎத்திலின் தகடு வேண்டும். ஒட்டுகளை வெப்பத்தால் இணைக்க வேண்டும், டேப் ஒட்டுவது போதாது. அதற்கு மேல் பாதுகாப்புக்குப் பஞ்சுபோன்ற விரிப்பு, பிறகு 3 சென்டிமீட்டர் உயரமுள்ள வடிகால் தட்டு, அதன் மேல் வடிகட்டித் துணி. நர்சரியில் களைக்கு விரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பாயை வடிகட்டித் துணி என்று தருவார்கள், வாங்காதீர்கள். நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியில்தான் மண். 10 சென்டிமீட்டர் போதும். பெரும்பகுதி எடை குறைந்த கல்வகையாக இருக்கட்டும்: நுரைக்கல், சுட்ட களிமண் உருண்டை. அதோடு நர்சரியில் 'செக்காம் பாக்கார்' என்று விற்கும் கருக்கிய நெல் உமி. தென்னை நார்த்தூளும் மக்கிய உரமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நம் வெப்பத்தில் அவை சீக்கிரம் மக்கி, மண்மட்டம் இறங்கிவிடும். நார்த்தூள் தண்ணீரைக் குடித்து எடையையும் கூட்டும்.

சுற்றிலும் ஓரடி அகலத்துக்குச் செடி வைக்காமல் கூழாங்கல் போடுங்கள். குழாய் வாய்க்கு மேல் திறந்து பார்க்கும் மூடியுள்ள பெட்டி ஒன்று வையுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்து சருகை அள்ள வேண்டும். வாய் அடைத்தால் எடையும் ஏறும், ஏடிஸ் கொசுவும் வரும்.

ஐரோப்பியர்கள் வைக்கும் சேடம் (sedum) என்னும் சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை நம் ஈரப் புழுக்கத்தில் அழுகிவிடும். பிலிப்பைன்ஸ் புல், பத்துமணிப்பூ, ரோயோ வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் இவற்றுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆகையால் மேலே ஒரு குழாய் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கார் நிறுத்துமிடத்துக்குத் தகரக் கூரை. அதில் இப்படிச் செய்யலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம், ஐயா. அந்தச் சட்டமும் தகரமும் தங்கள் எடையையும் காற்றையும் மழையையும் தாங்கச் செய்தவை. ஈரமண் பட்டால் தகரம் துருப்பிடிக்கும். வெயில்தான் தொல்லை என்றால் தகரத்துக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு போடுங்கள். பச்சை வேண்டுமென்றால் தூண் ஓரமாகத் தரையில் மனோரஞ்சிதமோ சங்குப்பூவோ நட்டு, தனிக் கம்பிவலையில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: கூரைத் தோட்டத்தில் கறிவேப்பிலை வளருமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: 10 சென்டிமீட்டர் மண்ணில் அது நன்றாக வராது, வந்தாலும் பக்கக்கன்று விட்டு வேரைப் பரப்பும். தரையில் ஓரிடம் கொடுங்கள். தரையே இல்லையென்றால், கீழே தூணோ சுவரோ இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு பெரிய தொட்டியில் வையுங்கள்.